நடுவில் விழும் இருட்டு

முதுமையில் மங்கும் கண் எல்லாம் 'திமிரம்' அல்ல. பரம்பரையும் உடம்பின் சொந்தக் காவல் படையும் சேர்ந்து செய்யும் ஒரு சேதம், கேரள - தமிழக எல்லைக் கிராமங்களில் பெயரில்லாமலே நடமாடுகிறது.

பாறசாலைச் சந்தைக்குத் தனியாகப் போய் வரும் முதியவருக்கு லாரி வந்தால் ஒதுங்கத் தெரிகிறது. வழியில் கிடக்கும் கல் தெரிகிறது. ஆனால் எதிரே நின்று பேசுபவரின் முகம் தெரிவதில்லை. குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுகொள்கிறார். பஸ்ஸின் பெயர்ப் பலகையில் ஓரத்து எழுத்துகள் இருக்கின்றன, நடு எழுத்துகள் காணாமல் போகின்றன. 'கல்லு தெரியுது, ஆளு தெரியலியா?' என்று வீட்டில் சந்தேகப்படுவதும் உண்டு. பெரியவர் வேண்டாதவர்களைப் பார்க்காதது போல நடிக்கிறார் என்று ஊரில் பேச்சு எழுவதும் உண்டு.

நடிப்பு அல்ல. விழித்திரையின் நடுப்பகுதி பழுதானால் பார்வை இப்படித்தான் போகும். ஓரப் பார்வை கடைசி வரை இருக்கும். எழுத்து, முகம், ஊசியின் காது, ரூபாய் நோட்டின் எண் ஆகியவை மட்டும் ஒவ்வொன்றாக விடைபெறும். டாக்டர்கள் இதை முதுமை சார்ந்த மாக்குலா சிதைவு என்கிறார்கள். பணக்கார நாடுகளில் முதியவர்கள் பார்வை இழக்க முதன்மையான காரணம் இதுதான்.

நெய்யாற்றின்கரைத் தாலுகா கிராமங்களில் இதற்கு வேறொரு பெயர் தயாராகக் காத்திருக்கிறது: திமிரம். இன்றைய மலையாளத்தில் திமிரம் என்றால் கண்புரை. பழைய ஆயுர்வேத நூல்களில் அந்தச் சொல் இன்னும் அகலமானது. பார்வை மங்கும் பல நிலைகளையும் அது குறிக்கும். கிராமத்துப் பேச்சில் இரண்டும் கலந்துவிட்டன. 60 வயதுக்கு மேல் எந்தக் கண் எப்படி மங்கினாலும் திமிரம். களியக்காவிளையைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தால் அதுவே 'புரை'. சொல்தான் மாறுகிறது, குழப்பம் மாறுவதில்லை.

இந்தக் குழப்பத்துக்கு விலை உண்டு. புரை காத்திருக்கும். ஆறு மாதம் கழித்து ஆபரேஷன் செய்தாலும் பெரும்பாலும் பார்வை திரும்பும். மாக்குலா சிதைவின் ஒரு வகை காத்திருக்காது. சில வாரங்களில் நடுப்பார்வையைத் தின்றுவிடும், போனது திரும்பாது. முகாம் வரும் வரை, ஓணம் கழியும் வரை, கல்யாணம் முடியும் வரை என்று புரைக்குச் சொல்லும் சமாதானம் இங்கே ஒரு கண்ணையே பறித்துவிடும்.

இரு வகைச் சேதம்

மாக்குலா என்பது விழித்திரையின் மையத்தில் உள்ள சுமார் 5 மில்லிமீட்டர் அகலமுள்ள இடம். படிப்பது, நூல் கோப்பது, முகம் அறிவது எல்லாம் அதன் பொறுப்பு. பார்க்கும் வேலையில் விழித்திரை செல்கள் ஓயாமல் கழிவை வெளியே தள்ளுகின்றன. அதை அடியில் உள்ள நிறமி செல்கள் அள்ளிச் செரித்து, ஒரு மெல்லிய சவ்வு வழியாக ரத்தத்தில் சேர்த்துவிடும். வயதானால் இந்தத் துப்புரவு வேலை மந்தமாகிறது. சவ்வின் மேல் மஞ்சள் நிறத்தில் சிறு சிறு படிவுகள் சேர்கின்றன. ட்ரூசன் என்று பெயர். சின்னதாக ஒன்றிரண்டு இருந்தால் முதுமையில் சகஜம். பெரிதாகவும் நிறையவும் சேர்ந்தால் அது எச்சரிக்கை.

அதன் பிறகு நோய் இரண்டு வழியில் போகலாம். உலர் வகையில் நிறமி செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக மடிகின்றன. பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் மெதுவான இழப்பு. ஈர வகையில், பழுதைச் சரிசெய்யப் போவது போலப் புதிய ரத்தக் குழாய்கள் சவ்வைத் துளைத்துக்கொண்டு வளர்கின்றன. அவை பலவீனமானவை. கசியும், உடையும். நேரான ஜன்னல் கம்பி வளைந்து தெரிவது இதன் முதல் சைகை. ஈர வகை குறைவானவர்களுக்குத்தான் வருகிறது, ஆனால் திடீர்ப் பார்வை இழப்புகளில் பெரும்பங்கு இதனுடையது.

2005-ல் சிக்கிய ஜீன்

இது குடும்பங்களில் தொடர்கிறது என்பது டாக்டர்களுக்கு வெகு காலமாகத் தெரியும். அமெரிக்காவில் முதிய இரட்டையர்கள் 840 பேரை வைத்து நடந்த ஆய்வு 2005-ல் வெளிவந்தது. முற்றிய மாக்குலா சிதைவு யாருக்கு வருகிறது என்பதில் உள்ள வேறுபாட்டில் 71 சதவீதத்தை மரபின் கணக்கில் எழுதலாம் என்றது அது. ஆனால் எந்த ஜீன்?

அதே 2005-ல் நான்கு அமெரிக்கக் குழுக்கள் தனித்தனியே தேடி ஒரே இடத்தில் வந்து நின்றன. மனித மரபணுத் தொகுதியைப் படித்து முடித்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. யேல் பல்கலைக்கழகத்தின் ஜோசஃபின் ஹோ தலைமையிலான குழு, நோயாளிகள் 96 பேர், நோயில்லாதவர்கள் 50 பேர் ஆகியோரின் ஜீன்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களை ஒப்பிட்டுப் பார்த்தது. இத்தனை சிறிய கூட்டத்தில் எதுவும் கிடைக்காது என்றே பலரும் நினைத்திருப்பார்கள். கிடைத்தது. முதலாம் குரோமோசோமில் 'காம்ப்ளிமென்ட் ஃபேக்டர் எச்' என்ற புரதத்துக்கான ஜீன். அந்தப் புரதத்தின் 402-வது இடத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். சிலருக்கு அங்கே ஹிஸ்டிடின் இருக்கிறது. ஒரே ஓர் எழுத்துப் பிழை.

கண் டாக்டர்களுக்கு இது ஆச்சரியம். இது கண்ணுக்கென்று உள்ள ஜீனே அல்ல. ஃபேக்டர் எச் பெரும்பாலும் கல்லீரலில் உற்பத்தியாகி ரத்தத்தில் சுற்றும் புரதம். அதன் வேலை நோய் எதிர்ப்பு இலாகாவில்.

சாக்குக் கட்டிக் குறி போடும் காவல்

காம்ப்ளிமென்ட் என்பது ரத்தத்தில் 30-க்கும் மேற்பட்ட புரதங்கள் கொண்ட ஒரு படை. பெல்ஜியத்தின் ஜூல் போர்டே 19-ம் நூற்றாண்டின் இறுதியில் இதன் வேலையைக் கண்டறிந்தார். நோய் எதிர்ப்பு பற்றிய ஆராய்ச்சிக்காக அவருக்கு 1919-க்கான நோபல் பரிசு கிடைத்தது. கிருமி புகுந்தால் இந்தப் படை அதன் மேல் ஒட்டிக்கொண்டு குறி போடும். குறி விழுந்ததை வெள்ளை அணுக்கள் விழுங்கும், அல்லது படையே துளை போட்டுக் கொல்லும்.

சிக்கல் என்னவென்றால், இந்தப் படை ஆள் பார்த்துக் குறி போடுவதில்லை. ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்பு அமரவிளை செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசையாக நின்ற காலத்தை எல்லைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். வரும் வண்டி ஒவ்வொன்றின் மேலும் முதலில் சாக்குக் கட்டியால் ஒரு கோடு இழுத்துவிட்டு, உள்ளூர் வண்டி என்று தெரிந்தால் பின்னால் வருபவர் அந்தக் கோட்டைத் துடைத்து அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். கோடு இழுப்பது காம்ப்ளிமென்ட். துடைப்பவர் ஃபேக்டர் எச். சொந்த செல்களின் மேல் தவறி விழும் குறிகளை அழிப்பதும் தாக்குதலை அடக்குவதும் அதன் வேலை.

402-வது இடத்தில் மாற்றம் உள்ளவர்களிடம் இந்தத் துடைக்கும் ஆள் இருக்கிறார், ஆனால் விழித்திரையின் அடிச்சவ்வில் சரியாகக் கால் ஊன்ற முடிவதில்லை. இளமையில் இதனால் குறையில்லை. 60, 70 ஆண்டுகள் கழித்து, சவ்வின் மேல் கழிவு சேர்ந்திருக்கும் நேரத்தில், காவல் படை அதை அந்நியப் பொருளாக எடுத்துக்கொள்கிறது. குறி விழுகிறது, துடைக்க ஆளில்லை. மெல்லிய புகைச்சல் போல ஓர் அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. 2005-க்கு முன்பே இதற்குத் துப்பு இருந்தது. இறந்தவர்களின் கண்களில் ட்ரூசனை எடுத்துப் பார்த்தபோது அதில் காம்ப்ளிமென்ட் புரதங்கள் படிந்திருந்தன. இந்தப் படை கட்டுமீறியதால் வரும் ஓர் அரிய சிறுநீரக நோயில், இளம் வயதினரின் கண்ணிலும் ட்ரூசன் காணப்பட்டிருந்தது. ஜீன் கிடைத்ததும் துண்டுகள் பொருந்தின.

இப்படியொரு குறையுள்ள ஜீன் தலைமுறை தலைமுறையாக ஏன் நீடிக்கிறது? பேரப்பிள்ளை பிறந்த பிறகு வரும் நோயை இயற்கை வடிகட்டுவதில்லை என்பது ஒரு பதில். இன்னொன்று ஊகம், ஆனால் சுவையானது. மூளைக்காய்ச்சல் தரும் மெனிங்கோகாக்கஸ் போன்ற சில கிருமிகள் நம் ஃபேக்டர் எச்சைத் திருடிப் போர்த்திக்கொண்டு 'நானும் உள்ளூர் வண்டிதான்' என்று தப்பித்துவிடுகின்றன. எளிதில் ஒட்டாத ஃபேக்டர் எச் உள்ளவர்கள் சில தொற்றுகளில் பிழைத்திருக்கலாம். குழந்தையைக் காப்பாற்றிய அதே காவல், கிழவரின் கண்ணைக் கெடுக்கிறது.

நம்மவர் கணக்கு

இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் நோய் என்ற எண்ணம் இந்தியாவில் நெடுநாள் இருந்தது. கணக்கெடுப்புகள் அதை மாற்றின. ஆந்திரத்தில் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையம் நடத்திய ஆய்வு 2005-ல் வெளியானது; 40 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 1.8 சதவீதம் பேருக்கு மாக்குலா சிதைவு. அதிகமாகச் சுருட்டு பிடிப்பவர்களிடம் இது மூன்று மடங்குக்கும் மேல். வடக்கே டெல்லியின் எய்ம்ஸும் தெற்கே புதுச்சேரியில் அரவிந்த் கண் மருத்துவமனையும் லண்டன் ஆய்வாளர்களுடன் சேர்ந்து 60 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்தன. 2010-ல் வந்த முடிவு: ஆரம்ப நிலை மாற்றங்கள் மேலை நாடுகளைப் போலவே இங்கும் உள்ளன, முற்றிய நோய் 1.2 சதவீதம். நூற்றுக்கு ஒருவர் என்றால் அற்பமாகத் தோன்றும். முதியவர்கள் ஆயிரம் பேர் உள்ள ஊரில் அது 12 பேர்.

ஜீன் விஷயத்திலும் அப்படித்தான். ஐரோப்பியர்களிடம் அந்த 402 மாற்றம் மிகச் சாதாரணம். சீனர், ஜப்பானியரிடம் அரிது. இந்தியர் எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு 2006-ல் ஐதராபாத்திலிருந்து பதில் வந்தது. எல்.வி. பிரசாத் நிலையத்தின் இந்தர்ஜித் கவுர், சுபபிரத சக்ரவர்த்தி ஆகியோரின் குழு இந்திய நோயாளிகளிடமும் இந்த மாற்றத்துக்கும் நோய்க்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. 10-வது குரோமோசோமில் இன்னொரு பெரிய ஆபத்து இடமும் பின்னர் உலக அளவில் உறுதியானது. 2016-ல் 16,000-க்கும் அதிகமான நோயாளிகளை வைத்து நடந்த பன்னாட்டு ஆய்வு, 34 ஜீன் பகுதிகளில் 52 மாற்றங்களைப் பட்டியலிட்டது. அவற்றில் பலவும் காம்ப்ளிமென்ட் படையைச் சேர்ந்தவை.

எல்லைப் பகுதிக்கு இதில் கூடுதல் கவலை இருப்பது ஜீனால் அல்ல, ஆயுளால். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் இந்தியாவில் 8.6 சதவீதம், தமிழ்நாட்டில் 10.4, கேரளத்தில் 12.6. நல்ல ஆஸ்பத்திரிகளும் படிப்பும் ஆயுளைக் கூட்டின. கூடிய ஆயுள், ஜீன் வேலை செய்யப் போதுமான அவகாசத்தையும் தந்தது.

தொலைந்த குடும்ப வரலாறு

இங்கேதான் 'திமிரம்' என்ற சொல் மறுபடியும் குறுக்கே வருகிறது. கண் டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று: குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா? பாறசாலையில் அப்பூப்பனுக்குத் திமிரம் என்பார்கள். களியக்காவிளையில் பாட்டாவுக்குப் புரை என்பார்கள். ஆபரேஷன் செய்தும் தெளியவில்லை என்றால் 'டாக்டர் சரியில்லை' என்று கதை முடிந்திருக்கும். அது மாக்குலா சிதைவாக இருந்திருக்கலாம் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஜீன் விட்டுச் சென்ற தடயம் குடும்ப நினைவில் தவறான பெயரில் பதிவாகிப் புதைந்துவிடுகிறது.

இந்த ஊர்களில் குடும்பம் என்பதே இரு மாநிலங்களில் பரந்தது. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. கோடு விழுந்தது நிலத்தில்தான். பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. அண்ணன் பாறசாலையிலும் தங்கை குழித்துறையிலும் இருந்தால், அவர் திருவனந்தபுரத்தில் காட்டுவார், இவர் நாகர்கோவிலில் காட்டுவார். இரண்டு சீட்டுகளும் ஒரே மேஜைக்கு வருவதில்லை. ஒருவருக்குக் கண்ட நோய் மற்றவருக்கு எச்சரிக்கையாவதில்லை.

மறைப்பதும் உண்டு. 'பரம்பரை' என்ற சொல்லைக் கேட்டாலே கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்ற பயம். இந்த பயத்துக்கு இடமில்லை. இது ஏதோ ஒரு சாதிக்கோ ஊருக்கோ உரிய அபூர்வக் கோளாறு அல்ல. ஆரோக்கியமான லட்சக்கணக்கானவர்களிடம் இருக்கும் சாதாரண மாற்றம். 402 மாற்றம் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் ஆபத்து சுமார் இரண்டரை மடங்கு, இருவரிடமிருந்தும் வந்தால் சுமார் ஆறு மடங்கு என்பது ஆய்வுகளின் தொகுப்புக் கணக்கு. மடங்கு பெரிதாகத் தெரியும், ஆனால் அடிப்படை எண் சிறியது. அந்த மாற்றம் உள்ளவர்களில் பெரும்பாலோர் கடைசி வரை பேப்பர் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

புகை எண்ணெய் ஊற்றுகிறது

ஜீன் துப்பாக்கியில் குண்டு போட்டு வைத்தால், விசையை அழுத்தும் விரல்களில் முதன்மையானது புகையிலை. புகைப்பவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு இரண்டு முதல் நான்கு மடங்கு. பீடியின் புகை ரத்தத்தில் உள்ள தற்காப்புச் சத்துகளைக் குறைக்கிறது, காம்ப்ளிமென்ட் படையையும் சீண்டுகிறது. ஆபத்து ஜீனும் பீடியும் சேர்ந்தால் கூட்டலாக அல்ல, பெருக்கலாகப் போகிறது. நிறுத்தினால் ஆபத்து ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது என்பதே ஆறுதல். அப்பாவுக்கு நடுப்பார்வை போன வீட்டில் மகன் பீடியைக் கீழே போடுவது, எந்த ஜீன் சோதனையையும்விட மலிவு, பயனும் அதிகம்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை அமெரிக்க அரசின் இரண்டு பெரிய ஆய்வுகள் வழிகாட்டுகின்றன. 2001-ல் வந்த முதல் ஆய்வு, நடுத்தர நிலையை எட்டியவர்களுக்கு வைட்டமின் சி, ஈ, துத்தநாகம் முதலியவை அதிக அளவில் கொடுத்தால், முற்றும் ஆபத்து ஐந்து ஆண்டுகளில் சுமார் 25 சதவீதம் குறைகிறது என்றது. 2013-ல் வந்த இரண்டாவது ஆய்வு, மாத்திரையில் இருந்த பீட்டா கரோட்டினுக்குப் பதில் லூட்டின், ஸியாஸாந்தின் சேர்க்கலாம் என்றது. காரணம், பீட்டா கரோட்டின் மாத்திரை புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்று நோய் ஆபத்தைக் கூட்டுகிறது. இந்த மாத்திரைகள் நோய் வராமல் தடுப்பவை அல்ல. பெரிய ட்ரூசன் உள்ளவர்களுக்கு மட்டுமே. மருந்துக்கடையில் தானாக வாங்கி விழுங்குவது வீண் செலவு. லூட்டின் மற்றவர்களுக்குக் கீரையிலேயே கிடைக்கிறது. கொல்லையில் முருங்கையும் கடற்கரையில் பூவாறு, பொழியூர் மீனும் இருக்கும் ஊரில் சத்துக்கு டப்பா தேட வேண்டியதில்லை.

ஜீனைச் சோதித்தால் போதுமா?

ரத்தமோ எச்சிலோ கொடுத்தால் ஜீன் சோதனை செய்யும் வசதி இப்போது இந்தியாவிலும் உண்டு. ஆனால் அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி 2012-லேயே, மாக்குலா சிதைவுக்கு வழக்கமாக ஜீன் சோதனை செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஜீன் தெரிந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை என்பதே காரணம். கண்ணின் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்த்தால் கிடைக்கும் தகவல் அதைவிட உபயோகமானது.

மருந்துக் கம்பெனிகளும் அனுபவப்பட்டுவிட்டன. காம்ப்ளிமென்ட் படையின் ஒரு புரதத்தை அடக்கும் லாம்பலிசுமாப் என்ற ஊசி, குறிப்பிட்ட ஜீன் உள்ளவர்களிடம் நன்றாக வேலை செய்வதாக ஆரம்ப ஆய்வில் தெரிந்தது. நம்பிக்கையோடு நடத்திய இரண்டு பெரிய ஆய்வுகள் 2017-ல் தோல்வியில் முடிந்தன. 2023-ல்தான் அமெரிக்காவில் உலர் வகையின் முற்றிய நிலைக்கு முதல் இரண்டு மருந்துகள் அனுமதி பெற்றன: பெக்செட்டகோப்ளான், அவசின்கேப்டட். இரண்டும் காம்ப்ளிமென்ட் படைக்குக் கடிவாளம் போடுபவை. கண்ணுக்குள் திரும்பத் திரும்ப ஊசியாகப் போடப்படுபவை. சேதம் பரவும் வேகத்தை ஓரளவு குறைக்கின்றன. இழந்த பார்வையைத் தருவதில்லை. இந்தப் பலன் போதாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2024-ல் பெக்செட்டகோப்ளானை நிராகரித்தது. 2005-ல் கிடைத்த ஜீன் மருந்தாக மாற 18 ஆண்டுகள் ஆயின. அந்த மருந்தும் அரை வெற்றிதான்.

முழு வெற்றிக்கு அருகில் இருப்பது ஈர வகைச் சிகிச்சை. புதிய ரத்தக் குழாய்களை வளரத் தூண்டும் புரதத்தைத் தடுக்கும் ரானிபிசுமாப் 2006-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆய்வில் 10-ல் 9 பேருக்கும் மேல் பார்வை பெரிதாகக் குறையாமல் நின்றது. மூன்றில் ஒருவருக்குக் கணிசமாகக் கூடியது. புற்று நோய்க்கான பெவசிசுமாப் என்ற மருந்தும் பல மடங்கு குறைந்த விலையில் ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது என்று 2011-ல் ஒரு அமெரிக்க அரசு ஆய்வு காட்டியது. இந்தியத் தயாரிப்பு ரானிபிசுமாப் 2015 முதல் கிடைக்கிறது. திருவனந்தபுரத்தில் 1905-ல் தொடங்கிய அரசு கண் ஆஸ்பத்திரி இன்று மண்டலக் கண் மருத்துவ நிலையம். மறுபக்கம் திருநெல்வேலியில் 1988 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை. நெய்யாற்றின்கரையிலிருந்து தலைநகர் சுமார் 20 கிலோமீட்டர்தான்.

ஆனால் ஒரு ஊசியோடு முடிவதில்லை. முதல் மூன்று மாதம் மாதம் ஒன்று. பிறகு கசிவைப் பார்த்துத் தொடர வேண்டும், சிலருக்கு ஆண்டுக்கணக்கில். ஒவ்வொரு முறையும் துணைக்கு வரும் மகனின் ஒரு நாள் கூலி போகிறது. 'இப்போ தெளிவாத்தான் இருக்கு' என்று நடுவில் நிறுத்துபவர்கள், மறுபடி மங்கும்போது வருகிறார்கள். அதற்குள் தழும்பு விழுந்திருக்கும். முதல் நாளிலேயே எத்தனை முறை வர வேண்டும், எந்த மருந்து, என்ன செலவு, எந்த மாநிலத்தின் காப்பீட்டு அட்டை அங்கே செல்லும் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

முகாம் பார்க்காத இடம்

இந்தியாவின் பார்வை இழப்புத் தடுப்புத் திட்டம் 1976-ல் தொடங்கியது. அதன் பெரும் சாதனை புரை ஆபரேஷன். அது நியாயமும்கூட, 2015-19 தேசியக் கணக்கெடுப்பில், 50 வயதைத் தாண்டியவர்களின் பார்வையின்மையில் 66 சதவீதத்துக்குப் புரையே காரணம். ஆனால் டார்ச் அடித்துப் புரை தேடும் கண் கண்ணின் பின்சுவரைப் பார்ப்பதில்லை. பள்ளிக்கூட வராந்தாவில் நடக்கும் முகாமில் புரை இல்லை என்று அனுப்பப்படுபவர், கண்ணில் நோயே இல்லை என்று நினைத்துக்கொண்டு போகிறார். புரையும் மாக்குலா சிதைவும் சேர்ந்து இருந்தால் ஆபரேஷன் கூடாது என்பதல்ல. அதற்கு முன் விழித்திரையைப் பார்த்து, எவ்வளவு தெளியும் என்று சொல்லிவிட வேண்டும். சர்க்கரை நோயும் நடுப்பார்வையைக் கெடுக்கும் என்பதால் இந்தப் பகுதிக்கு விழித்திரைப் பரிசோதனை இரட்டிப்பாக அவசியம்.

நடுப்பார்வைதான் பலருக்குப் பிழைப்பு. பாலராமபுரத்தில் தறி ஓடுகிறது. 200 ஆண்டுகளுக்கு முன் பாலராம வர்மா மன்னர் காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து வந்த சாலியர்கள் தொடங்கிவைத்த தொழில், 2009-ல் புவிசார் குறியீடும் பெற்றது. அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போட ஓரப் பார்வை உதவாது. வெள்ளறடைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுபவருக்குப் பட்டையில் கத்தி இறங்கும் ஆழம் தெரிய வேண்டும். இரு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடுகிறது. இரண்டாவது கண்ணும் போகும்போதுதான் விஷயம் தெரிகிறது.

அதனால் ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் மார்க் ஆம்ஸ்லர் என்ற டாக்டர் கட்டங்கள் போட்ட ஒரு தாளை இதற்காக உருவாக்கினார். எல்லைக் கிராமங்களில் அந்தத் தாள் வீட்டுக்கு வீடு தொங்குகிறது: தேதிக் கட்டங்கள் கொண்ட மாதக் காலண்டர். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில், படிக்கும் தூரத்தில் காலண்டரை வைத்து, ஒரு கண்ணைக் கையால் மூடி நடுவில் உள்ள ஒரு தேதியைப் பார்க்க வேண்டும். பிறகு மறு கண். கோடு வளைந்தாலோ, கட்டம் அழிந்தாலோ, நடுவில் கறை தெரிந்தாலோ அந்த வாரமே விழித்திரை டாக்டரிடம் போக வேண்டும். வாரம் ஒரு முறை, ஒரு நிமிஷ வேலை. நோய் கண்டவரின் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகள் ஆகியோர் 50 வயதைத் தாண்டியதும் பாப்பாவை விரித்து ஒரு முறை பரிசோதித்துக்கொள்வது அடுத்த காரியம். எப்போது மறுபடி வர வேண்டும் என்பதை டாக்டர் சொல்வார்.

நடுப்பார்வை போனவர்களுக்கும் வழி அடைபடவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடி, பிரகாசமான விளக்கு, பெரிய எழுத்து, ஓரக் கண்ணால் பார்க்கும் பயிற்சி ஆகியவை அன்றாட வேலையைத் திருப்பித் தருகின்றன. இன்னொன்றையும் குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டும். இப்படிப் பார்வை குறைந்தவர்களில் சிலர், இல்லாத மனிதர்களையும் பூக்களையும் கோலங்களையும் பார்ப்பதாகச் சொல்வார்கள். 1760-ல் சுவிஸ் அறிஞர் சார்ல் போனே தன் தாத்தாவுக்கு இப்படி நேர்ந்ததை எழுதி வைத்தார். பேயும் அல்ல, பைத்தியமும் அல்ல. சேதி வராத இடத்தை மூளை தானாக நிரப்பிக்கொள்கிறது. மந்திரவாதியைத் தேடிப் போகாமல், கண் டாக்டரிடம் சொல்லி உறுதிசெய்துகொண்டால் பெரியவரின் பயம் பாதி தீரும்.

ஜீனை மாற்ற முடியாது. காவல் படைக்குக் கடிவாளம் போடும் மருந்து இன்னும் முழுமையடையவில்லை. ஆனால் அப்பூப்பனுக்கு வந்தது திமிரமா வேறொன்றா என்று எல்லைக்கு இருபுறமும் உள்ள சொந்தங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள மருந்தும் வேண்டாம், பணமும் வேண்டாம். அடுத்த கல்யாண வீட்டில் கேட்டுவிடலாம்.